எம்ஜிபி காரின் ஸ்டீயரிங்கில் ஆட்டம்: தேய்ந்த பாகத்தைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

நேரான சாலையில் போகும்போது ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அகலம் இப்படியும் அப்படியும் அசைத்தும் கார் தன் போக்கிலேயே போய்க்கொண்டிருந்தால், முன்பக்கத்தில் ஏதோ ஒரு பாகம் தேய்ந்துவிட்டது என்று பொருள். எந்தப் பாகம் என்பதுதான் தெரியாது. பலர் உடனே, ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றும் பற்சட்டமான ஸ்டீயரிங் ராக்கில் கைவைத்து அதை இறுக்கப் பார்க்கிறார்கள். பழைய எம்ஜிபி காரைப் பொறுத்தவரை ராக்கைக் கடைசியாகச் சந்தேகிப்பதே நல்லது என்பது என் அனுபவம். அதற்கு முன்னால் பார்த்து முடிக்க வேண்டிய பாகங்கள் பத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கிரீஸ் கிடைக்காமல் தேய்ந்தவையாகவே இருக்கும்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்ட கார். அதன் உடல் அன்றைக்குப் புதுமையானது; முன் சஸ்பென்ஷனோ அதைவிட மிகவும் பழையது. 1947-இல் வெளிவந்த எம்ஜி ஒய் வகைக் காருக்காக அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த ஏற்பாடுதான் டிடி, எம்ஜிஏ ஆகிய கார்களின் வழியாகச் சிறு மாற்றங்களுடன் இதற்கு வந்து சேர்ந்தது. இன்றைய கார்களில் முன்சக்கரம் திரும்புவதற்கு உதவும் பால் ஜாயிண்டுகள் இதில் கிடையாது. செங்குத்தாக நிற்கும் கிங்பின் என்ற இரும்புத் தண்டைச் சுற்றி, மேலும் கீழுமாக இரண்டு வெண்கல புஷ்களின் (உராய்வைத் தாங்கும் குழாய் உறைகளின்) மேல் சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்ஸில் திரும்புகிறது. கிங்பின்னின் அடி, கீழ் ட்ரன்னியன் என்ற அசையும் இணைப்பு வழியாகக் கீழ்க் கைகளோடு சேர்கிறது. அதன் தலை, மேல் ட்ரன்னியன் வழியாக ஆம்ஸ்ட்ராங் லீவர் ஷாக் அப்சார்பரின் கையோடு சேர்கிறது. ஷாக் அப்சார்பரின் கையே மேல் சஸ்பென்ஷன் கையாகவும் வேலை செய்கிறது என்பதை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இது பெரிய குழப்பத்தை உண்டாக்கும்.

ஓட்டுநரின் கையிலிருந்து சாலை வரை உள்ள தொடரை வரிசையாகச் சொன்னால் இப்படி வரும்: ஸ்டீயரிங் சக்கரம், காலம் (ஸ்டீயரிங் சக்கரத்தைத் தாங்கும் நீண்ட தண்டு), அதன் புஷ்கள், யுனிவர்சல் ஜாயிண்ட் (தண்டு கோணத்தில் திரும்ப உதவும் இணைப்பு), பினியன் (ராக்கை நகர்த்தும் சிறு பற்சக்கரம்), ராக், ராக்கின் இரு முனைகளிலும் ரப்பர் உறைக்குள் இருக்கும் உள் பால் ஜாயிண்டுகள், டை ராடுகள், டை ராட் எண்டுகள், ஸ்டீயரிங் கைகள், கிங்பின்கள், ஹப் பேரிங்குகள், இறுதியில் டயர். ஒவ்வொன்றிலும் முடியளவு ஆட்டம் இருந்தாலும் அவையெல்லாம் கூடி ஓட்டுநரின் கைக்கு வரும்போது இரண்டு விரல் அகலமாகிவிடும். ஆகவே ஒரே ஒரு குற்றவாளி கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடக் கூடாது.

சோதனையைத் தொடங்கும் முன் டயர்களில் காற்றழுத்தம் சரியாக இருக்கிறதா, நான்கும் ஒரே வகை டயர்களா, பக்கச்சுவர்களில் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பல ஆண்டுகள் நின்றபடியே இருந்த காரின் இறுகிப்போன டயர்கள், புத்தம் புது ஸ்டீயரிங்கைக்கூடத் தளர்ந்ததுபோல் உணரச் செய்யும்.

சக்கரங்கள் தரையில் இருக்கும்போது

முதல் சோதனைக்குக் காரைத் தூக்க வேண்டியதில்லை, தூக்கவும் கூடாது. காரின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும்போதுதான் ஜாயிண்டுகள் உண்மையான சுமையின் கீழ் தங்கள் ஆட்டத்தைக் காட்டும். ஒருவரை இருக்கையில் அமர்த்தி, ஸ்டீயரிங்கை நேர் நிலையிலிருந்து இரு பக்கமும் சிறிதளவு, நொடிக்கு ஒரு முறை என்ற நிதானத்தில் தொடர்ந்து அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மேலிருந்து தொடங்கிக் கீழ் நோக்கிப் பாருங்கள்.

யுனிவர்சல் ஜாயிண்டின் மேல் பகுதியும் கீழ்ப் பகுதியும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். மேல் பகுதி சற்றே முன்னால் போய், கீழ்ப் பகுதி தாமதமாகத் தொடர்ந்தால் ஜாயிண்டின் ஊசி ரோலர்கள் தேய்ந்திருக்கின்றன, அல்லது அதை இறுக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறது. அடுத்து, பினியன் திரும்பிய உடனேயே ராக் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு ராக்கின் முழு உடலே பக்கவாட்டில் நகர்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கிராஸ் மெம்பரோடு அதைப் பிணைக்கும் போல்ட்கள் தளர்ந்திருந்தால் அப்படி நகரும்.

கிராஸ் மெம்பரையும் கவனிக்காமல் விடக் கூடாது. எம்ஜிபியில் முன் சஸ்பென்ஷன் முழுவதையும் ராக்கையும் தாங்கும் இந்தக் கனமான குறுக்குச் சட்டம், ரப்பர் திண்டுகளின் மேல் அமர்ந்து நான்கு நீண்ட போல்ட்களால் உடலோடு இணைகிறது. ஐம்பது ஆண்டு எண்ணெயில் ஊறிய ரப்பர் களிமண் போல் ஆகியிருந்தால், ஸ்டீயரிங்கை அசைக்கும்போது சட்டமே உடலுக்குக் கீழே நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை; அதனால்தான் யாரும் பார்ப்பதும் இல்லை.

கடைசியாக டை ராட் எண்டுகள். இங்கே கண்ணைவிடக் கையை நம்பலாம். ஜாயிண்டின் உடலும் ஸ்டீயரிங் கையின் முனையும் ஒரே நேரத்தில் உள்ளங்கையில் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல ஜாயிண்டில் இரண்டும் ஒரே பொருள்போல் நகரும். தேய்ந்த ஜாயிண்டில், திசை மாறும் ஒவ்வொரு முறையும் தோலுக்குக் கீழே ஒரு சிறு தட்டல் உணரப்படும். காதுக்கு எட்டாத அந்தத் தட்டல் உள்ளங்கைக்குத் தெளிவாக எட்டும். உள் பால் ஜாயிண்டுகளையும் இப்படியே சோதிக்கலாம். ரப்பர் உறையின் மேலாகவே விரல்களால் அழுத்திப் பிடித்தால் டை ராட் ராக்கின் முனையில் முன்பின்னாக நகர்வது தெரிந்துவிடும்.

காரைத் தூக்கிய பிறகு

ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காரின் கீழே போகக் கூடாது. சமதளமான கெட்டித் தரையில் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன்பக்கத்தை உடலின் வலுவான இடங்களில் ஸ்டாண்டுகளின் மேல் இறக்கி, ஒருமுறை குலுக்கிப் பார்த்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

சக்கரத்தை மேலும் கீழுமாக, அதாவது கடிகாரத்தின் 12, 6 ஆகிய இடங்களில் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மீண்டும் ஆட்டுங்கள். பிரேக் அழுத்தியதும் ஆட்டம் மறைந்தால் அது ஹப் பேரிங்கில் இருக்கிறது. மறையாமல் இருந்தால் கிங்பின்னில் அல்லது அதற்கு அப்பால் இருக்கிறது. கம்பிச் சக்கரம் பொருத்திய காரானால், நடு நட் முழுமையாக இறுகியிருக்கிறதா, ஹப்பின் பற்கள் கூர்மையாகத் தேய்ந்திருக்கின்றனவா என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. தளர்ந்த நடு நட்டும் இதே ஆட்டத்தைத்தான் காட்டும்.

பிரேக்கை அழுத்தியும் ஆட்டம் நீடித்தால் எந்த இரண்டு பாகங்களுக்கு நடுவே அசைவு நிகழ்கிறது என்பதை விளக்கொளியில் தேட வேண்டும். ஸ்டப் ஆக்ஸிலின் அடிப்பகுதி கிங்பின்னின் மேல் அசைந்தால் கீழ் புஷ் தேய்ந்திருக்கிறது. பெரும்பாலும் முதலில் போவது இதுதான். ஸ்டப் ஆக்ஸிலும் கிங்பின்னும் சேர்ந்து அசைந்து, அடியில் கீழ்க் கைகளுக்கு நடுவே விலகல் தெரிந்தால் கீழ் ட்ரன்னியனின் போல்ட்டும் அதைச் சூழ்ந்த இடைக்குழாயும் தேய்ந்திருக்கின்றன. மேல் முனை முழுவதும் உள்ளும் புறமும் போய் வந்தால், மேல் ட்ரன்னியனின் ரப்பர் புஷ்கள் நசுங்கியிருக்கலாம், அல்லது ஷாக் அப்சார்பரின் தண்டே அதன் உடலுக்குள் ஆடலாம். தண்டின் அடியில் எண்ணெய்க் கசிவும் சேர்ந்து தெரிந்தால் ஐயம் தேவையில்லை.

இதைச் சொல்லும்போது நான் வீணாக்கிய மூன்று வார இறுதிகள் நினைவுக்கு வருகின்றன. காரை எடுத்த முதல் ஆண்டில் ஸ்டீயரிங் தளர்ந்திருப்பதாகத் தோன்றியதும், பிறர் சொன்னதைக் கேட்டு ராக்கைப் பினியனோடு அழுத்தி வைக்கும் திண்டின் மூடிக்குக் கீழே இருந்த ஷிம்களில் (மெல்லிய தகடுகளில்) ஒன்றை எடுத்துவிட்டு மூடியை இறுக்கினேன். ஸ்டீயரிங் உடனே கெட்டியானது, எனக்கும் மகிழ்ச்சிதான். முதல் வளைவைக் கடந்து கையைத் தளர்த்தியபோது ஸ்டீயரிங் நேராகத் திரும்பி வரவில்லை, வைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. எம்ஜிபியின் காஸ்டர் கோணம், அதாவது கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, ஏறத்தாழ 7 பாகை. சக்கரத்தைத் தானாக நேராக்கும் விசை அதற்குத் தாராளமாக உண்டு. அந்த விசையையே நான் இறுக்கிய திண்டு விழுங்கிவிட்டிருந்தது. பிறகு ஷிம்மைத் திரும்ப வைத்துவிட்டு, 12-6 சோதனையை ஒழுங்காகச் செய்தபோது, இடப்பக்க ஷாக் அப்சார்பரின் தண்டு கட்டைவிரல் அழுத்தத்துக்கே ஆடியது. ராக்கில் ஒரு குறையும் இருக்கவில்லை.

ராக்கின் நடுப் பற்கள்தான் எப்போதும் அதிகம் தேயும், ஏனெனில் கார் பெரும்பாலும் நேராகவே ஓடுகிறது. நடுவில் உள்ள தளர்ச்சியைப் போக்க இறுக்கினால் தேயாத ஓரப் பற்களில் அது பிடித்துக்கொள்ளும். ஆஸ்டின் ஹீலி 3000, ஜாகுவார் எக்ஸ்கே 120 போன்ற ஸ்டீயரிங் பாக்ஸ் உள்ள கார்களிலும் இதே கதைதான். இறுக்கும் திருகைக் கண்டதும் கை துருதுருக்கும், ஆனால் முழுத் திருப்பத்தில் பிடிக்கும் ஸ்டீயரிங் தளர்ந்த ஸ்டீயரிங்கைவிட ஆபத்தானது.

டை ராட் எண்டை மாற்றுதல்

இருப்பவற்றுள் எளிய வேலை இது. லாக் நட்டை முதலில் கால் சுற்று மட்டும் தளர்த்தி, அது நிற்கும் இடத்தைப் பெயிண்டால் குறித்துக்கொள்ளுங்கள். புதிய எண்டை அதே இடம் வரை திருகினால் சக்கரங்களின் ஒழுங்கு ஏறத்தாழ முன்பு இருந்தபடியே இருக்கும். பால் ஜாயிண்டின் கூம்புத் தண்டு ஸ்டீயரிங் கையின் துளைக்குள் இறுகிப் பிடித்திருக்கும். நட்டைக் கழற்றிவிட்டு, கவைக் கருவியை நுழைத்து அடிப்பவர்கள் பெரும்பாலும் ரப்பர் உறையைக் கிழித்துவிடுகிறார்கள். எடுக்கும் ஜாயிண்டைத் தூக்கிப் போடப் போகிறோம் என்றால் பாதகமில்லை. ராக்கைக் கழற்றுவதற்காக நல்ல ஜாயிண்டைப் பிரிக்கும்போது அது நட்டம். ஸ்டீயரிங் கையின் துளை இருக்கும் பகுதியை ஒரு பக்கம் கனமான சுத்தியலால் தாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சுத்தியலால் ஓங்கி அடித்தால், துளை ஒரு கணம் நெளிந்து கூம்பு தானாக விடுபட்டு விழும். அடி கையின் மேல் விழ வேண்டும், மரையின் மேல் விழவே கூடாது.

புதிய ஜாயிண்டை மாட்டும் முன் கூம்பையும் துளையையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைக்க வேண்டும். நட்டை இறுக்கும்போது தண்டும் சேர்ந்து சுற்றினால் ஜாயிண்டின் தலையை ஜாக்கால் மேல்நோக்கி அழுத்திப் பிடித்தால் கூம்பு கவ்விக்கொள்ளும். பழைய நைலான் நட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஒரு பக்கம் மட்டுமே தேய்ந்திருந்தாலும் இரண்டையும் மாற்றிவிடுவதே என் வழக்கம். இரண்டும் ஒரே வயது, ஒரே தூரம் ஓடியவை.

ராக், காலம்

ரப்பர் உறை கிழிந்திருந்தால் ராக்குக்குள் மண் போயிருக்கும், எண்ணெய் வெளியேறியிருக்கும். உறையைக் கழற்றி ராக்கின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் கருத்திருந்தாலும் வழவழப்பாக இருந்தால் கழுவிவிட்டுப் புது உறை மாட்டினால் போதும். விரல் நுனியில் நெருநெருவென்று மணல் பட்டாலோ, ராக்கின் பளபளப்பான பரப்பில் துருப் புள்ளிகள் குழி விழுந்திருந்தாலோ ராக்கையே மாற்ற வேண்டியதுதான். தேய்ந்த பல்லை மீட்க வீட்டுப் பட்டறையில் வழி இல்லை.

பல்லும் பினியனும் நன்றாக இருந்து, அழுத்தத் திண்டு மட்டும் தளர்ந்திருந்தால் அப்போதுதான் ஷிம்மில் கைவைக்கலாம். ஷிம் இல்லாமல் மூடியை மெல்ல இறுக்கி, ராக் இலேசாகப் பிடிக்கும் நிலையில் நிறுத்தி, மூடிக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, அந்த அளவுக்கும் கூடுதலாக உங்கள் பட்டறைக் கையேடு சொல்லும் சிறு இடைவெளிக்கு உரிய ஷிம்களை வைக்க வேண்டும். பிறகு ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை பினியனைத் திருப்பிப் பார்த்து, எங்கும் பிடிக்கவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். எண்ணெய் ஊற்றும்போது ஒரு பக்க உறையின் கிளிப்பைத் தளர்த்தி, தொண்ணூறாம் எண் கியர் எண்ணெய் சுமார் 0.2 லிட்டர் ஊற்றி, ஸ்டீயரிங்கை மெதுவாக இரு பக்கமும் திருப்ப வேண்டும். கூடுதலாக ஊற்றினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். சக்கரங்கள் தரையில் இல்லாதபோது வேகமாகத் திருப்பினால் உள்ளே தள்ளப்படும் எண்ணெய் புது உறையைப் பலூன்போல் ஊத வைத்துப் பிய்த்துவிடும்.

ராக்கைத் திரும்ப மாட்டும்போது பலர் செய்யும் தவறு, நான்கு போல்ட்களையும் இறுக்கிவிட்டுப் பிறகு யுனிவர்சல் ஜாயிண்டைப் பினியன் மேல் வலிந்து ஏற்றுவது. முதலில் ராக்கைத் தளர்வாகத் தொங்கவிட்டு, ஜாயிண்டை ஏற்றி, காலமும் பினியனும் எந்தப் பக்க இழுப்பும் இல்லாமல் சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ராக்கின் அடியில் இடைவெளி தெரிந்தால் அந்த இடத்தில் ஷிம் வைத்து நிரப்பிய பிறகே போல்ட்களை இறுக்க வேண்டும். கோணம் தவறிய காலம் புது யுனிவர்சல் ஜாயிண்டைச் சில மாதங்களில் தின்றுவிடும். ஜாயிண்டை இறுக்கும் போல்ட், பினியன் தண்டிலுள்ள பள்ளத்தின் வழியாகச் செல்ல வேண்டும்; பள்ளத்தில் அமராத போல்ட் இறுகியதுபோல் தோன்றும், ஆனால் தண்டைப் பிடித்து வைத்திருக்காது.

ஸ்டீயரிங் சக்கரத்தை மேலும் கீழுமாகத் தூக்கினால் அசைகிறதென்றால் காலத்தின் மேல் புஷ் போயிருக்கிறது. இதற்காகச் சக்கரத்தைக் கழற்றும்போது நடு நட்டை முழுவதும் எடுத்துவிடாமல் இரண்டு மரை விட்டுவைத்துக்கொண்டு இழுங்கள். இல்லையென்றால் அது விடுபடும் வேகத்தில் நேராக முகத்தைப் பதம் பார்க்கும்.

கிங்பின்

இதுதான் உண்மையான வேலை; ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும். எம்ஜிபியின் சுருள் ஸ்பிரிங் கீழ்க் கைகளில் உள்ள தட்டுக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவே பெரும் அழுத்தத்தில் இருக்கிறது. கிங்பின்னின் மேல் முனையைக் கழற்றினால் அந்த அழுத்தத்தைத் தடுத்து நிற்க வேறு எதுவும் இல்லை. ஆகவே கார் ஸ்டாண்டுகளில் நிற்க, ஸ்பிரிங் தட்டின் அடியில் தனியாக ஒரு ஜாக்கை வைத்துத் தாங்கிய பிறகே எந்தப் போல்ட்டையும் தொட வேண்டும். ஜாக்கின் தலை தட்டின் நடுவில் பொருந்தி அமர்ந்திருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

சக்கரம், காலிபர், ஹப், டிஸ்க் ஆகியவற்றை வரிசையாகக் கழற்ற வேண்டும். காலிபரைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். ஹப்பைக் கழற்றும்போது பேரிங்குகளுக்கு நடுவில் உள்ள இடைக்குழாயையும் ஷிம்களையும் பத்திரப்படுத்துங்கள். இவற்றைத் தேவையற்றவை என்று தூக்கிப் போட்டுவிட்டு, சாதாரண டேப்பர் பேரிங்கைப்போல் நட்டைத் தளர்த்தி இறுக்கி ஒப்பேற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இடைக்குழாய் இருப்பதே நட்டை முழு வலுவோடு இறுக்கி ஸ்டப் ஆக்ஸிலை வளையாமல் காப்பதற்காகத்தான். டை ராட் எண்டை விடுவித்து, மேல் ட்ரன்னியன் போல்ட்டை உருவி, ஜாக்கை அங்குலம் அங்குலமாக இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையால் எடுக்கும்படி ஆகிவிடும்.

அடுத்தது கீழ் ட்ரன்னியன் போல்ட். கிரீஸ் காணாத காரில் இந்தப் போல்ட் இடைக்குழாயோடு ஒட்டித் துருவேறி ஒரே துண்டாக இருக்கும். ஊடுருவும் எண்ணெய் ஊற்றி ஓர் இரவு விட்டுப் பார்க்கலாம். மறுநாளும் அசையாவிட்டால் அதனோடு மல்லுக்கட்டாமல், கைக்கும் ட்ரன்னியனுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ரம்பத்தை விட்டு இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். போல்ட்டும் குழாயும் வாஷர்களும் எப்படியும் புதிதாகத்தான் போடப் போகிறோம். ஓங்கி அடித்துக் கீழ்க் கைகளை வளைத்துவிட்டால் செலவு பல மடங்காகும்.

மேசையின் மேல் வைத்து மேல் நட்டைக் கழற்றி, ட்ரன்னியனையும் வாஷர்களையும் எடுத்தால் ஸ்டப் ஆக்ஸில் கிங்பின்னை விட்டு மேலே வந்துவிடும். பழைய கிரீஸைத் துடைத்து எறியும் முன் கொஞ்சம் விரலில் எடுத்து வெளிச்சத்தில் தேய்த்துப் பாருங்கள். மஞ்சள் மினுமினுப்பு வெண்கலப் பொடி. புஷ் தேய்ந்திருக்கிறது, கிங்பின் ஒருவேளை தப்பித்திருக்கலாம். சாம்பல் நிறப் பசைபோல் இருந்தால் அது இரும்பும் மண்ணும் கலந்தது. பிறகு மைக்ரோமீட்டரால் கிங்பின்னை அளக்க வேண்டும். புஷ் ஓடும் இடத்தில் முன்பின்னாக ஓர் அளவும், குறுக்காக ஓர் அளவும் எடுத்து ஒப்பிட்டால் அது வட்டம் இழந்திருப்பது தெரியும். நகத்தை நெடுக ஓட்டும்போது புஷ் முடியும் இடத்தில் படிபோல் தட்டினாலே அந்தக் கிங்பின்னுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம். தேய்ந்த பின்னில் புது புஷ் போடுவது வீண் வேலை.

புது புஷ்களை அழுத்தி ஏற்றும்போது அவற்றின் கிரீஸ் துளை ஸ்டப் ஆக்ஸிலின் துளையோடு நேராகச் சேர வேண்டும். ஏற்றியதும் புஷ் சற்றுச் சுருங்கும்; ஆகையால் துளையைச் சீவிப் பெரிதாக்கும் ரீமர் விட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இங்கே முக்கியமானது மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே அச்சில் இருப்பது. ஒரு புஷ்ஷில் வழிகாட்டி பொருந்தி மற்றதை அறுக்கும்படி அமைந்த நீளமான ரீமர் இதற்கென்றே உண்டு. அது இல்லாமல் சாதாரண ரீமரால் தனித்தனியாக அறுத்தால் இரண்டு துளைகளும் தனித்தனியே சரியாக இருக்கும், கிங்பின் மட்டும் உள்ளே போகாது. இந்த ஒரு படியை மட்டும் லேத் பட்டறையில் கொடுத்துச் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் அப்படித்தான் செய்கிறேன்.

திரும்பப் பூட்டும்போது அடியிலுள்ள சீல் வளையத்தையும், கிங்பின்னைச் சுற்றி வரும் தூசுக் குழாய்களையும் அவற்றின் ஸ்பிரிங்கையும் மறக்கக் கூடாது. கிங்பின்னில் கிரீஸ் பூசி ஸ்டப் ஆக்ஸிலை ஏற்றி, வாஷர்களையும் மேல் ட்ரன்னியனையும் வைத்து, நட்டை 60 பவுண்டு-அடி, அதாவது சுமார் 81 நியூட்டன் மீட்டர் முறுக்கத்துக்கு இறுக்குங்கள். இப்போது ஸ்டப் ஆக்ஸில் கையால் சீராகத் திரும்ப வேண்டும். மேலும் கீழும் அதன் அசைவு 0.05 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. டயல் கேஜில் அதைவிட அதிகம் காட்டினால் தடித்த வாஷரையும், திரும்பும்போது பிடித்தால் மெல்லிய வாஷரையும் போட வேண்டும். வாஷர்கள் வெவ்வேறு தடிமனில் கிடைப்பது இதற்காகவே. வாஷரை மாற்றிவிட்டு இறுக்கி அளந்து, மீண்டும் கழற்றி மாற்றி அளப்பது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் புதிதாகக் கிங்பின் போட்டும் ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் எல்லோரும் தாண்டிச் சென்ற படி இதுதான்.

கீழ் ட்ரன்னியனின் புதுப் போல்ட்டைக் கிரீஸ் பூசி நுழைக்க வேண்டும். நட்டை முழுவதும் இறுக்கிய பிறகும் ட்ரன்னியன் கைகளுக்கு நடுவே தடையின்றித் திரும்ப வேண்டும். மேல் ட்ரன்னியனின் ரப்பர் புஷ்களுக்கு உரிய நட்டை மட்டும் இப்போது இறுக்காமல், கார் தரையில் தன் எடையோடு நிற்கும்போது இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும். ஹப்பைத் திரும்பப் பூட்டும்போது பேரிங்கின் ஆட்டம் 0.05 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள் வரும்படி ஷிம்களை வைத்து, நட்டை 40 பவுண்டு-அடிக்கு இறுக்கி, அதற்கு மேல் ஸ்பிலிட் பின் துளை நேர்ப்படும் வரை இன்னும் சற்று இறுக்க வேண்டும். துளைக்காக நட்டைப் பின்னால் தளர்த்தக் கூடாது.

ஒப்பீட்டுக்காக ஒரு சொல்: டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. அந்தக் காரின் கீழ் ட்ரன்னியன் மரையால் திரும்புவது. அதற்குக் கிரீஸுக்குப் பதில் கியர் எண்ணெய்தான் விட வேண்டும். கிரீஸ் கெட்டியாகி, மரையில் ஈரம் தங்கித் துருப்பிடித்து, ஒருநாள் செங்குத்துத் தண்டே முறிந்து சக்கரம் மடங்கிவிழுவது அந்தக் கார்களின் நன்கு அறியப்பட்ட நோய்.

சக்கரங்களை ஒழுங்குபடுத்துதல்

எந்தப் பாகத்தை மாற்றியிருந்தாலும் டோ-இன் பார்க்காமல் வேலை முடிந்ததாகாது. எம்ஜிபிக்கு இது 1.6 முதல் 2.4 மில்லிமீட்டர் வரை. அதாவது முன்சக்கரங்களின் முன் விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரம், பின் விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரத்தைவிட அவ்வளவு குறைவாக இருக்க வேண்டும். காரைச் சில மீட்டர் முன்னால் உருட்டி நிறுத்தி, இரு டயர்களின் நடுவிலும் சக்கர மையத்தின் உயரத்தில் முன்புறமாகச் சாக்பீஸால் மெல்லிய கோடு போட்டு, இடைத்தூரத்தை அளந்துகொள்ளுங்கள். காரை அரைச் சுற்று முன்னோக்கி உருட்டினால் அதே கோடுகள் பின்புறம் வரும். அங்கே மீண்டும் அளக்க வேண்டும். காரைப் பின்னோக்கி உருட்டி அளந்தால் கணக்குத் தவறும். சரிசெய்யும்போது இரண்டு டை ராடுகளையும் ஒரே அளவு திருப்பி, இரு பக்கமும் வெளியே தெரியும் மரைகள் சமமாக இருக்கும்படி வைக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், ஒரு பக்கத் திருப்பமும் குறையும்.

அதன் பிறகு கிரீஸ். ஒரு பக்கத்துக்கு மூன்று நிப்பிள்கள்: கிங்பின்னின் மேல் புஷ்ஷுக்கு ஒன்று, கீழ் புஷ்ஷுக்கு ஒன்று, கீழ் ட்ரன்னியனுக்கு ஒன்று. சக்கரம் தரையில் இருக்கும்போது கிரீஸ் கன்னை அழுத்தினால், சுமை தாங்கும் பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் கிரீஸ் எளிய வழியைப் பார்த்து வெளியேறிவிடும். வேண்டிய இடத்துக்குப் போகாது. சக்கரத்தைத் தூக்கி வைத்து, உதவியாளர் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பிக்கொண்டிருக்க, எல்லா விளிம்பிலும் புதுக் கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை அழுத்துங்கள். ஒரு நிப்பிளில் கிரீஸ் ஏறவில்லை என்றால் அதை அப்படியே விட்டுவிடாமல் கழற்றி, துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, புது நிப்பிள் போடுங்கள். நிப்பிள் பொருத்தியிருப்பதாலேயே உள்ளே கிரீஸ் போகிறது என்று யாரோ நம்பியதால்தான் அந்தப் பழைய புஷ் அந்த நிலைக்கு வந்தது.

முதல் ஓட்டத்தை ஆளில்லாத சாலையில், குறைந்த வேகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வளைவிலிருந்து வெளியே வரும்போது பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேராக வேண்டும். திரும்பி வந்ததும், கழற்றிய ஒவ்வொரு நட்டையும் ஒருமுறை ஸ்பேனரால் தொட்டுப் பார்த்து, ஸ்பிலிட் பின்கள் எல்லாம் மடங்கியிருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு காரை மீண்டும் ஸ்டாண்டில் ஏற்றி 12-6 சோதனையைச் செய்து, டோ-இன்னையும் மறுபடி அளந்து, அந்த அளவையும் கிலோமீட்டரையும் குறித்து வையுங்கள். அன்றே அடுத்த கிரீஸுக்கு உரிய தூரத்தையும் எழுதிவிடலாம்: ஆரம்பகாலக் காரின் கையேடு சொல்வது 3,000 மைல், அதாவது சுமார் 4,800 கிலோமீட்டர்.